சும்மா கிடந்த நாற்பது ஜிபி

என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு இந்த விஷயத்தைச் சொன்னால், வேறு யார் மேலோ பழியைப் போட்டுத் தப்பிக்கிற மாதிரி ஆகிவிடும்.

என் பெயர் பிலால். தண்டையார்பேட்டையில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வேலை சுத்தமாக இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூடவே, அந்த ஆள் வாய் ஓயாது என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. எங்கள் தொழிலில் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறவனை வீட்டுக்காரர்கள் நம்புவதில்லை. நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டுகிறானோ, எதையாவது காப்பி எடுக்கிறானோ என்று சந்தேகம் வந்துவிடும். அதனால் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார்கள். நாங்களும் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வோம்.

எனக்கென்று ஒரு பெருமை வேறு உண்டு. விண்டோஸ் போடும்போது, ஹார்ட் டிஸ்க் எத்தனை பாகமாகப் பிரிந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் திரையில் வரும். மற்ற நேரத்தில் வீட்டுக்காரர் கண்ணில் படுவது சி, டி என்ற இரண்டு எழுத்துகள்தான். இந்தப் பட்டியலில் எல்லாமே தெரியும். எழுத்து எதுவும் இல்லாமல், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற பாகம்கூடத் தெரியும். அப்படி ஏதாவது இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லி, டி-யோடு சேர்த்துக் கொடுப்பேன். மற்ற கடைக்காரர்கள் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார்கள். நான் மெனக்கெடுவேன். உங்கள் இடம் இத்தனை நாளாக வீணாகக் கிடந்தது சார் என்று சொல்லும்போது எனக்கு வருகிற கர்வம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன அக்டோபரில் விண்டோஸ் பத்துக்குக் கம்பெனி ஆதரவை நிறுத்தியதிலிருந்து எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆளாளுக்குப் பதினொன்று போடு என்று வந்து நின்றார்கள். அந்த நெருக்கடியில்தான் ஜோ கூப்பிட்டார். மணலி புதுநகர்க்காரர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கிற டிரெய்லர் மூன்று வைத்து ஓட்டுகிறவர். நாற்பது வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, குரலே உயராத பேச்சு. துறைமுக வாசலில் எப்போதும் ஒரு டிரைவர் மாட்டிக்கொண்டிருப்பான் என்பதால் போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி ஜெனி. முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. மிஷின் நல்லாத்தானே ஓடுது, இப்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கேட்டது கணவனை. பதில் சொன்னது நான். வைரஸ், பாஸ்வேர்டு திருட்டு, கண்ட கண்ட இணையதளம் என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். அவள் குழந்தையை இறக்கிவிட்டு டீ போடப் போனாள்.

ஜோ என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஜெனி ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவளாம். இப்போது இவருடைய டிரிப் பில்லெல்லாம் அவள்தான் அடிக்கிறாளாம். எல்லாம் டி-யில் இருக்கிறது, அதைத் தொடாமல் சி-யை மட்டும் அழித்துப் புதுசாகப் போடு என்றார். அது என் தினசரி வேலை. பென் டிரைவைச் செருகி மிஷினைக் கிளப்பினேன். பட்டியல் வந்தது. சி நூற்றைம்பது, டி எழுநூற்று நாற்பது. அதற்குக் கீழே இன்னொரு வரி. நாற்பது ஜிபி.

எனக்குக் குஷியாகிவிட்டது.

"சார், உங்களுக்கு ஒரு நாப்பது ஜிபி சும்மா கெடக்குது" என்று திரையைத் தொட்டுக் காட்டினேன். "பேரு கூட வெக்காம யாரோ வுட்டுட்டு போய்கீறாங்க."

ஜெனி டீ டம்ளரோடு அறை வாசலில் நின்றிருந்தாள். அது கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்தது, தொட வேண்டாம் என்றாள். கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். அந்த வேகத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மனிதனாக இருந்தால் புரிந்திருக்கும். ஆனால் நான் மெக்கானிக். என் முன்னாலேயே ஒருவர் தப்பாகச் சொல்வதா?

"இல்ல மேடம், இது கடையில அசெம்பிள் பண்ண மிஷினு. இதுல கம்பெனி பாகமெல்லாம் வராது" என்றேன். "யாரோ தெரிஞ்சவங்க டி-லேர்ந்து வெட்டி எடுத்து, கண்ணுக்குத் தெரியாம பண்ணி வெச்சிகீறாங்க. சூப்பரா பண்ணிகீறாங்க."

பாராட்டு வேறு.

நான் திரும்பி ஜெனியைப் பார்த்தேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது, அவள் விரல்கள் டம்ளரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சூடு அவளுக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒரே ஒருத்திதான்.

ஜோ கோபப்படவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று கேட்டார். இந்தத் திரையில் பார்க்க முடியாது, விண்டோஸ் ஏறின பிறகுதான் பார்க்கலாம் என்றேன். அப்போ போட்டு முடி, சேர்ந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. யாரோ டிரைவர். துறைமுக வாசலில் ஏதோ காகிதம் சரியில்லை என்று தகராறு. அவர் எழுந்து பால்கனிக்குப் போனார்.

ஜெனி டம்ளரை மேஜையில் வைத்தாள். என் கை மவுஸில் இருந்தது. அழித்துவிடவா என்று உதட்டசைவில் கேட்டேன். அவள் பால்கனியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஆனால் அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போனது.

"அழிச்சிடுங்க" என்றாள்.

அழித்தேன். அந்த வரி போய்விட்டது. காலியான இடத்தை டி-யோடு சேர்த்துவிட்டேன். இப்போது பட்டியலில் அப்படி ஒன்று இருந்த தடயமே இல்லை. ஜோ திரும்பி வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். எங்கே அது என்றார். சேர்த்துட்டேன் சார், வெறும் காலி இடம், உள்ளே பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றேன்.

"இங்க பாக்க முடியாதுன்னியே பாய்?"

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் சொன்னதோடு இந்தப் பொய் ஒட்டவில்லை. நான் ஏதேதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அந்த வரியில் நாற்பது என்று எழுதி, பக்கத்தில் காலி இருபத்தெட்டு என்று போட்டிருந்ததே, மீதிப் பன்னிரண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். கன்டெய்னர் நம்பரையெல்லாம் ஒரு பார்வையில் மனப்பாடம் பண்ணுகிற மனுஷன். பழைய விண்டோஸின் குப்பை சார் என்றேன். தலையை ஆட்டினார். வேலை முடிந்ததும் வாசல்வரை வந்து கை கொடுத்து அனுப்பினார். கிளம்பும் முன், எப்போதும் ஒட்டுகிற மாதிரி, கடைப் பேரும் என் நம்பரும் போட்ட ஸ்டிக்கரைக் கம்ப்யூட்டர் டப்பா மேல் ஒட்டிவிட்டு வந்தேன். கை பழக்கம்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி லுப்னா கேட்டு கேட்டுப் பிடுங்கினாள். சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பெண் ஒளித்து வைத்ததைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அதை அழிக்கச் சொல்லி அவள் வாயாலேயே சொல்லவும் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்களே என்றாள். அவ்வளவுதான். எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஜெனி. வீட்டுக்கு எதிரில் இருக்கும் மருந்துக்கடையிலிருந்து பேசுகிறாளாம். என் நம்பரை ஸ்டிக்கரில் பார்த்தாளாம். அவள் போனை ஜோ தினமும் வாங்கிப் பார்ப்பார், அதனால்தான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வைத்தாள். இரண்டு வருஷமாகச் சேர்த்தது. அவர் அடிக்கிற நாட்களில் பழைய போன் ஒன்றை அலமாரித் துணிக்குள் வைத்துப் பதிவு செய்த குரல், அறுபத்தொரு நாள். உடம்பில் பட்ட காயத்தின் படங்கள். முன்பு ஒரு தடவை புகார் கொடுக்கப் போனபோது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் சமாதானம் பேசி அவரோடே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை அவள் சொல்லவில்லை. அடுத்த தடவை வெறுங்கையோடு போகக்கூடாது என்று முடிவு செய்தாளாம். குழந்தையோடு ஒரேயடியாக வெளியே வந்துவிட வேண்டும், அதற்கு இது ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் மருந்து விலை கேட்கிற குரலில் சொன்னாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"கம்பெனிலேர்ந்து வந்துச்சுன்னு நான் சொன்னேனே பாய். ஏன் இல்லன்னீங்க?"

அந்தக் கேள்வியைத் தாண்டி எனக்குத் தெரிந்த வேலைக்கு ஓடினேன்.

அவளிடம் ஒன்று சொன்னேன். அது இன்னும் அழியவில்லை. பட்டியலிலிருந்து ஒரு பாகத்தை எடுப்பது, வீட்டுக் கதவில் எழுதியிருக்கும் நம்பரைச் சுரண்டுகிற மாதிரிதான். வீடு அங்கேயே நிற்கும், வேறு யாராவது வந்து குடியேறுகிறவரை. டி-யில் புதுசு புதுசாக எதையாவது போட்டுக்கொண்டே இருந்தால்தான் அது போகும். டிஸ்க் மட்டும் என் கைக்கு வந்தால் எடுத்துத் தந்துவிடுவேன். எப்படி வரவைப்பது என்றும் நானே சொல்லிக் கொடுத்தேன். டப்பாவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் ஹார்ட் டிஸ்கில் சிவப்பாகப் பட்டையாக ஒரு வயர் இருக்கும். அதை இழுத்துவிட்டு மூடிவிடு. விண்டோஸ் வராது. அவர் என்னைத்தான் கூப்பிடுவார். மிஷின் கடைக்கு வரும். பென் டிரைவில் எடுத்து வைத்திருப்பேன், நீ எப்போது முடியுமோ வந்து வாங்கிக்கொள்.

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன், மறுபடியும்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஜோ கடைக்கு வந்தார். டப்பாவைக் கொண்டுவரவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஹார்ட் டிஸ்கை மட்டும் எடுத்து என் மேஜையில் வைத்தார். ஸ்க்ரூவைக் கழற்றி அவரே எடுத்திருக்கிறார்.

"கேபிளு தானா கழண்டுக்குமா பாய்?" என்றார்.

ஆட்டத்தில் கழன்றிருக்கும், சில சமயம் எலிகூட என்று ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் எலி இல்லை என்றார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு என் கடை போர்டை விரலால் காட்டினார். பெரிய எழுத்தில், நானே எழுதச் சொல்லி எழுதியது: அழிந்த டேட்டா மீட்டுத் தரப்படும்.

அந்தப் பன்னிரண்டு ஜிபி வேண்டும் என்றார்.

இரண்டு நாள் ஆகும், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். இருக்கிறேன் என்றார். கரன்ட் வந்து வந்து போகிறது என்றேன். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, தேவகிருபை அக்கா கட்டுக்கட்டாகக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார். ஜோ அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் டிஸ்கை மாட்டினேன். மீட்டெடுப்பதை அதே டிஸ்கில் வைக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அதனால் என்னுடைய டிஸ்க் ஒன்றையும் பக்கத்தில் மாட்டினேன்.

ஒரு மணி நேரம் தேடியது. கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் ஆயுளில் ஒரு வேலை சொதப்ப வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஒவ்வொன்றாக வந்தது. பெயருக்குப் பதில் தேதிதான். ஜனவரி, பிப்ரவரி, ஒரு மாதத்தில் ஐந்து, ஒரு மாதத்தில் ஒன்பது. அறுபத்தொன்றும் வந்தது.

ஒன்றைப் போடு என்றார். போட்டேன்.

துணி உரசுகிற சத்தம் முதலில். பிறகு பெல்ட் விழுகிற சத்தம். ஜெனியின் குரல் கேட்கவில்லை, வாயில் எதையோ அடைத்துக்கொண்டிருந்தாள் போல, மூச்சு மட்டும் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஜோவின் குரல். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அதே குரல், உயராமல், கொஞ்சுகிற மாதிரி. பாப்பா, எண்ணு பாப்பா. அடுத்து இன்னா? குழந்தை தூக்கக் கலக்கத்தில் சொன்னது, ஆறு. மறுபடி அடி. ஏழு. ஏழுக்கு அப்புறம் குழந்தைக்குத் தெரியவில்லை. தப்பா சொன்னா அம்மாவுக்குத்தான் வலிக்கும், யோசிச்சு சொல்லு என்றது அந்தக் குரல்.

பக்கத்தில் இருந்த ஜோ, நிறுத்து என்றான். இனிமேல் என்னால் அவனுக்கு மரியாதை கொடுக்க முடியாது.

உன் டிஸ்கில் ஒரு காப்பி ஏறியிருக்குமே, அதையும் கொடு என்றான். இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். மறுத்திருக்கலாம். ரோட்டில் நின்று கத்தியிருக்கலாம், தேவகிருபை அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். பயந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் இரண்டையும் மஞ்சப்பையில் போட்டு முடிச்சுப் போட்டான்.

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது பாய்" என்றான். "ரொம்ப தேங்க்ஸ்."

அவன் வண்டி கிளம்பிப் போன ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. மருந்துக்கடை நம்பர்.

எடுத்தாச்சா பாய் என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த ஆசையை நான் எப்படிச் சொல்வேன். அவன் டிஸ்கை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு, நாங்கள் போட்ட திட்டம் பலித்தது என்று நினைத்திருக்கிறாள். நான் உள்ளதைச் சொன்னேன். கேட்டுவிட்டான், இரண்டு டிஸ்கும் அவனிடம்தான், வந்துகொண்டிருக்கிறான். வீட்டுக்குப் போகாதே, அப்படியே பஸ் பிடித்து வண்ணாரப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்துவிடு, என் மனைவி இருப்பாள்.

"பாப்பா உள்ள தூங்கிகினு கீது பாய்" என்றாள்.

எண்ணூர் சாலையில் டிரெய்லர் எவ்வளவு வரிசை கட்டி நின்றாலும் பைக்கில் போகிறவனுக்கு அரைமணி நேரம்தான். அவள் தெரு தாண்டி, மாடி ஏறி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் வருகிறவரை அதே ரோட்டில் நிற்க வேண்டும். அவன் வருவதும் அதே ரோடு.

"நீ புள்ளய தூக்கிகினு கெளம்பு தங்கச்சி" என்றேன். "அவன் இப்ப வரமாட்டான். அத்த நான் பாத்துக்கறேன்."

வீட்டு விலாசத்தை இரண்டு தடவை சொன்னேன். லுப்னாவுக்குப் போன் போட்டு, ஒரு பெண் குழந்தையோடு வருவாள், உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள் என்றேன். அவள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்து ஜோவைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணிக்கு எடுத்தான்.

சார், ஒரு தப்பு நடந்துபோச்சு, இன்னொரு காப்பி இங்கே இருக்கிறது என்றேன். தேடும்போது வேறொரு டிஸ்கிலும் தானாக ஏறிவிட்டிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன் என்றேன். சுத்தப் பொய். அப்படியெல்லாம் எதுவும் ஏறாது.

அழிச்சிடு என்றான்.

"அழிச்சாலும் அழியாதே சார்" என்றேன். "இப்பதான கண்ணால பாத்தீங்க."

போனில் லாரி ஹாரன்கள் அலறின. அங்கேயே இரு என்றான்.

ஷட்டரை இழுத்துவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் அவன் நேரே வீட்டுக்குப் போவான். அதனால் உட்கார்ந்திருந்தேன். மேஜைக்கு அடியில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது, நாற்பது ஐம்பது இருக்கும். எடைக்குப் போடலாம் என்று வைத்திருந்தவை. அதை இழுத்து மேலே வைத்துக்கொண்டேன்.

அவன் வந்ததும் பேச ஆரம்பித்தேன். பதினாறு வருஷத்தில் அப்படி நான் பேசினதில்லை. எதில் ஏறியது என்று தெரியவில்லை சார், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். ஒவ்வொன்றாக மாட்டினேன். செத்த டிஸ்க் சுற்றப் பார்த்து, டிக் டிக் என்று முனகி, அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் டிஸ்கின் வரலாறு சொன்னேன். இது ராயபுரத்தில் ஒரு டாக்டரோடது, இது வியாசர்பாடியில் பாக்ஸிங் கிளப் வைத்திருப்பவரோடது, இதில் தண்ணீர் போய்விட்டது. அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து, ஆறு, ஏழு. சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்காமல் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

ஒன்பதாவது டிஸ்கில் அவன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை அடித்தான். பிறகு போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மேஜையிலிருந்த டிஸ்கைக் கையில் எடுத்து எடை பார்த்தான்.

காப்பியே இல்லைதானே என்றான்.

இல்லை என்றேன்.

முதல் அடி வாயில் விழுந்தது. இரும்பு டிஸ்க், முக்கால் கிலோ. இரண்டாவதும் வாயில்தான். அடி விழும்போது எனக்கும் எண்ணத் தோன்றியது. நான்குக்கு மேல் எண்ண முடியவில்லை. தேவகிருபை அக்கா அலறியதும், எதிர்க் கடைக்காரர்கள் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்ததும் எங்கேயோ தூரத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. இழுத்துக்கொண்டு போகும்போதும் அவன் மஞ்சப்பையை விடவில்லை. அந்தக் களேபரத்தில் கையை உதறிவிட்டுப் போய்விட்டான். அன்று ராத்திரியே அவனைப் பிடித்தார்கள், ஆனால் பையில் இருந்தது கடைசிவரை கிடைக்கவில்லை. பக்கிங்காம் கால்வாயில் எறிந்திருப்பான் என்கிறார்கள். அந்தத் தண்ணீரில் விழுந்ததை எந்தக் கடைக்காரனும் மீட்டுத் தரமுடியாது.

ஆறு பல் போயிற்று. தாடை எலும்பு முறிந்து, கம்பி போட்டுக் கட்டினார்கள். கன்னத்திலிருந்து உதடுவரை தையல். மறுநாள் கண் விழித்தபோது லுப்னா கட்டிலருகில் இருந்தாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்க வாய் இல்லை. அவளுக்குப் புரிந்தது. வந்துட்டா, புள்ளையும் வந்துடுச்சு என்றாள். காலில் செருப்புகூட இல்லாமல், மாற்றுத் துணி ஒன்றும் இல்லாமல் வந்தாளாம். வெளியே நிற்கிறாளாம்.

என்னை அடித்ததைப் பற்றி விசாரிக்க வந்த பெண் போலீஸ்காரர் ஜெனியையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார். கணவர் உன்னை அடித்தாரா, எத்தனை நாளாக, ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று. இருந்தது என்றாள் ஜெனி. போலீஸ்காரர் நோட்டில் ஏதோ எழுதினார். நான் விரலைக் காட்டிப் பேனா கேட்டேன். லுப்னா என் கையில் பேனாவைக் கொடுத்து, காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தொன்றில் நான் கேட்டது ஒன்றுதான். அதை எழுத ஆரம்பித்தேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. பெல்ட் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

ஜெனியின் இடுப்பிலிருந்த குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கையை நீட்டி என் கன்னத்துத் தையலை விரலால் தொடாமல் காட்டியது.

"ஒண்ணு" என்றது. "ரெண்டு. மூணு."

ஜெனி அதன் கையைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள். குழந்தை விடவில்லை. தப்பாகிவிடக்கூடாது என்கிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னது. ஏழோடு நின்றது. உதடு பிதுங்கி அழுகை வந்தது. தெரியலம்மா, அடிக்க வேணாம்னு சொல்லு என்றது.

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். யார் பாப்பா உனக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"அப்பா" என்றது குழந்தை.

அவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஜெனியை உட்காரச் சொன்னார்.